சத்தம் போடாத டிஸ்க்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் யார் வேலை செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்பதை நிர்வாக அதிகாரி காதால் கண்டுபிடிப்பார். கண்ணை அவர் நம்புவதில்லை. யார் வேண்டுமானாலும் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கலாம். கம்ப்யூட்டருக்கு அப்படி நடிக்கத் தெரியாது. வேலை நடந்தால் உள்ளே இருக்கிற டிஸ்க் சுற்றும், சுற்றினால் உர்ரென்று சத்தம் வரும் என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, மேஜை மேஜையாக நடப்பார். சத்தம் வரும் மேஜையைத் தாண்டும்போது தலையை ஆட்டுவார். வராத மேஜைக்கு முன்னால் நின்றுவிடுவார். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தக் கணக்குப்படி வாரியத்திலேயே மகா உழைப்பாளி வரைபடப் பிரிவின் வரைவாளர்தான். அவருடைய லேப்டாப் உர்ரென்றது, கர்ரென்றது, நடுநடுவே டக் டக்கென்று நாக்கைச் சொடுக்கியது. நடைக்கூடத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

"கேளுங்கய்யா! இதுதான் வேலை!" என்று நிர்வாக அதிகாரி மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார். பாராட்டு வாங்கியவர் லேப்டாப்பைக் கவலையோடு பார்ப்பார். அந்தச் சத்தம் போன மாதம்வரை இல்லை.

வரைவாளருக்கு அலுவலகத்தில் 'வால்வு' என்று பட்டப்பெயர். வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் தெருவுக்கு அடியில் எப்படி ஓடுகின்றன, எந்தக் குழாயை எந்த வால்வு மூடும், அந்த வால்வின் மூடி எந்த வாசலுக்கு எதிரே தாருக்கு அடியில் கிடக்கிறது என்று ஒவ்வொரு தெருவாகப் போய்த் தோண்டிப் பார்த்து வரைபடம் செய்வது அவர் வேலை. அதற்கு முன்பும் வாரியத்தில் ஒரு வரைபடம் இருந்தது. ரொம்ப அழகானது. சட்டம் போட்டு நிர்வாக அதிகாரியின் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அதில் இருக்கிற வால்வு தெருவில் இருக்காது, தெருவில் இருக்கிற வால்வு அதில் இருக்காது என்பது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையால் ஒருமுறை பள்ளத்துத் தெருவில் பெரிய குழாய் வெடித்தபோது, மூட வேண்டிய வால்வைத் தேடிச் சாயங்காலம்வரை தெருவைக் கொத்தினார்கள். அங்கே இருப்பது பிரசவ ஆஸ்பத்திரி. தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்து, மின்சாரம் போய், படுத்திருந்தவர்களைப் போர்வையில் வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். தூக்கப்பட்டவர்களில் வரைவாளரின் மனைவியும் ஒருத்தி. அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த மகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. படிக்கட்டில் போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் வரைவாளர். அதற்குப் பிறகுதான் அவர் இந்த வரைபடத்தைத் தொடங்கினார். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வரைபடம் முடியப்போகிறது. அது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

ஏன் இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுக்க விட்டால்தானே! வாரியத்தின் ரகசியங்கள் வெளியே போய்விடும் என்று விழிப்புப் பிரிவு அதிகாரி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பென்டிரைவ் துளையைப் பசை ஊற்றி அடைத்துவிட்டார். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மெயிலில் ஒரு தெருவுக்கு மேல் போகாது, போன தெருவுக்கும் விளக்கம் கேட்பார்கள். பெரிய பிரிண்டரை யாராவது மையைத் திருடிவிடக்கூடும் என்று உறை போட்டுப் பூட்டியிருந்தார்கள். பொதுச் சேமிப்புக்கென்று ஒரு சர்வர் வந்து இறங்கியிருந்தது. அதைத் திறந்துவைக்க வேண்டிய பிரமுகருக்கு நேரம் கிடைக்காததால் குறுக்கே ரிப்பன் கட்டியபடி நின்றது. ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. உள்ளேயே சாவதற்கு எல்லா ஏற்பாடும் பிரமாதமாக இருந்தது.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதென்பதால், வரைவாளர் அதன் சத்தத்தை மட்டும் கொண்டுவந்தார். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

"மாப்ள, இதைக் கேளு. டிக்… டிக்… கர்ர்ர்… டக்."

"ஐயோ, தொண்டையில என்ன மாட்டிக்கிச்சு?" என்று மனைவி தண்ணீரை எடுத்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு. மாமா, அந்தக் கடைசி டக்கு மறுபடி போடுங்க."

"டக்."

மைத்துனன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "உள்ள இருக்கற ஊசி தடுமாறுது மாமா. இன்னிக்கோ நாளைக்கோ. பேசாம ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டுருங்க. அதுல சுத்தறது, ஓடறது எதுவும் கிடையாது. சத்தமே வராது. பழைய டிஸ்க்குல இருக்கறதை அப்படியே அதுக்கு மாத்திடலாம். ஆனா பார்த்து வாங்கணும். உங்க லேப்டாப் கிழடு. அதுக்குத் தட்டையா, சீட்டுக்கட்டு மாதிரி இருக்குமே, அந்த ரகம்தான் பொருந்தும். குச்சி மாதிரி ஒண்ணு இருக்கு, புதுசு, நல்ல வேகம். அதை வாங்கினா சொருக இடமே இருக்காது."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அரை மணி வேலை."

அலுவலகத்தில் நடக்க வேண்டிய ஒன்றை வெளியாள் அரை மணி வேலை என்று சொன்னதும் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "நீங்க எதையும் எழுதிக் கேட்காதீங்க. கேட்டா உங்களையே பிடிப்பாங்க," என்றாள். அவர் சிரித்தார். அடுத்த நாளே எழுதிக் கேட்டார்.

விழிப்புப் பிரிவு அதிகாரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர். அவர் அறையில் வருகிறவருக்குப் போட்டிருந்த நாற்காலி மட்டும் சற்றுத் தாழ்வாக இருக்கும்.

"இது வேணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். டிஸ்க் போகப்போகுது."

"இன்னும் போகலையே?"

"போனப்புறம் மாத்தி என்ன சார் பிரயோஜனம்? அதுல இருக்கறது போயிடுமே."

"போறதுக்கு முன்னாடியே போகும்னு தெரிஞ்சிருக்கு உங்களுக்கு." அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். "சரி. எது வாங்கணும்னு தெரியுமா?"

"தெரியும் சார். தட்டையா, பழைய டிஸ்க் அளவுலயே இருக்கற…"

அதிகாரி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். "தெரியுமா! அப்ப ஏதோ ஒரு கடைக்காரன் சொல்லிக் குடுத்திருக்கான். உங்களுக்கு அதுல என்ன கிடைக்குது?"

"ஐயோ, ஒண்ணும் இல்லை சார். சரி, எனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்குங்க."

"எதுன்னு தெரியாமலே வேணும்னு கேட்டீங்களா?"

வரைவாளர் வாயை மூடிக்கொண்டார். மௌனம் என்பதையும் அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இரங்கி, அறிவுரை சொன்னார்.

"இங்க பாருங்க. நான் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேர்ந்து எனக்கு இது வேணும்னு ஒரு குண்டூசி கேட்டதில்லை. ஏன்? வேலைன்னு ஒண்ணைச் செஞ்சாத்தானே அதுக்கு வேணும் இதுக்கு வேணும்னு வரும்? நான் அந்த வம்புக்கே போகலை. இன்னிவரைக்கும் என் மேல ஒரு புகார் கிடையாது. நீங்களும் நல்ல பேர் எடுக்கலாம். யோசிச்சுப் பாருங்க."

வரைவாளர் தன் மேஜைக்குத் திரும்பி யோசித்துப் பார்த்தார். டிஸ்க் டக்கென்றது. கேட்டதை வாபஸ் வாங்கவில்லை. ஆகவே தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

குழுவில் நிர்வாக அதிகாரி தலைவர், விழிப்பு அதிகாரி உறுப்பினர், ஸ்டோர் கீப்பர் இன்னொரு உறுப்பினர். ஸ்டோர் கீப்பர் தன் காலத்தில் ஸ்டோரிலிருந்து எதையுமே வெளியே கொடுத்ததில்லை என்ற பெருமை உள்ளவர். "ஸ்டோர்னா வெச்சுக்கறதுக்குய்யா. குடுக்கறதுன்னா அதுக்குப் பேரு கடை," என்பார். பொருள் தேவைப்படுகிறவர் கூட்டத்தில் பேசக்கூடாது என்பதால் வரைவாளரைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தாது. அதன் கீல் பற்றியும் ஒரு குழு இருந்தது.

உள்ளே நிர்வாக அதிகாரி தொடக்க உரை ஆற்றினார்.

"நம்ம மூணு பேருக்கும் கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுதான் நமக்குப் பலம். தெரிஞ்சவன் ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவான். நாம சாய மாட்டோம், ஏன்னா எந்தப் பக்கம் எதுன்னே நமக்குத் தெரியாது. நடுநிலைமைக்கு இதைவிட என்னய்யா வேணும்?"

மேஜை மேல் பச்சைத் துணி விரித்து, கடைகளிலிருந்து வந்த மாதிரிகளைப் பரப்பியிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"என்ன சார் இது, காத்தா இருக்கு? பழையது எப்படி கனமா இருக்கும்! கனம் குறையுது, விலை ஏறுது."

"உள்ளே என்ன இருக்கு?"

"காலின்னு எழுதியிருக்கு சார். நாமதான் போட்டுக்கணுமாம்."

"காலியா இருக்கறதுக்கா காசு?" என்று விழிப்பு அதிகாரி கொதித்தார். "அதோட இந்த அட்டையைப் பாருங்க. அஞ்சு வருஷ உத்தரவாதமாம். நாம கேட்டமா? கேட்காம எவனாவது உத்தரவாதம் குடுப்பானா? எங்கேயோ இடிக்குது."

விலை குறைந்ததை ஒதுக்கினார்கள். குறைவாக விற்பவன் எதையோ மறைக்கிறான். விலை அதிகமானதை ஒதுக்கினார்கள். அதிகத்தில் யாருக்கோ பங்கு இருக்கிறது. நடுவில் இருந்ததை நெடுநேரம் புரட்டிப் பார்த்து, சந்தேகம் வராதபடி நடுவில் போய் உட்கார்ந்திருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்று அதையும் ஒதுக்கினார்கள். பேர்போன கம்பெனி என்றால் சலுகை காட்டியதாகும். பேர் தெரியாத கம்பெனி என்றால் அது யாருடைய மச்சான் கம்பெனி என்ற கேள்வி வரும். வெளியே பெஞ்சில் இருந்த வரைவாளருக்கு மச்சான் என்ற சொல் காதில் விழுந்ததும் நெற்றி வேர்த்தது. மைத்துனன் வாரியத்துக்கு எதையும் விற்கக்கூட இல்லை. ஆனாலும் வேர்த்தது. இந்தக் கட்டடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அப்போதுதான் நிர்வாக அதிகாரிக்கு முக்கியமான விஷயம் உறைத்தது.

"இது சத்தமே போடாதாமே! அப்ப அவர் வேலை செய்யறாரான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மூன்று பேரும் ஆடிப்போனார்கள். டீ வரவழைக்கப்பட்டது. டீக்குப் பிறகு ஒரு தீர்மானம் பிறந்தது: புதிய டிஸ்க் சத்தம் எழுப்பாத காரணத்தால், பணி நேரத்தில் அந்தச் சத்தத்தைப் பயனாளரே வாயால் எழுப்ப வேண்டும்.

"அதோட வேகமும் ஜாஸ்தியாம் சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "ஒரு மணி வேலையைப் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு மிச்ச நேரம் அவர் என்ன பண்ணுவார்?"

"என்னத்தைப் பண்ணுவார்? இன்னொண்ணு வேணும்னு கேட்பார்," என்றார் விழிப்பு அதிகாரி. "நான் சுருக்கமாச் சொல்லிடறேன் சார். அவர் என்கிட்ட தட்டை ரகம்தான் வேணும்னு வாய்விட்டே சொன்னார். அவர் கேட்டதுனாலயே அது கறைபட்டுப் போச்சு. அதை விட்டுட்டு வேற எதை வாங்கினாலும் நம்ம மேல ஒருத்தன் விரல் நீட்ட முடியாது."

குச்சி ரகம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வரைவாளர் பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "சார், அது இதுல சொருகாது!" என்றார். "பாருங்க, பதறிட்டார்," என்று விழிப்பு அதிகாரி மற்ற இருவரையும் வெற்றிப் பார்வை பார்த்தார்.

குச்சி வந்தது. லேப்டாப்பைத் திறந்து பார்த்ததில் அதைச் சொருக இடமில்லை. குழு கவலைப்படவில்லை. வாங்கிய பொருள் சரியானதா என்று சோதிக்க வேண்டியதுதான் குழுவின் கடமை. சொருகுவது குழுவின் கடமை இல்லை. குச்சியின் அட்டையில் மூன்று சிறப்புகள் போட்டிருந்தன: சத்தம் இல்லை, அசைவு இல்லை, சூடு இல்லை. நிர்வாக அதிகாரி வாரிய மருந்தகத்திலிருந்து ஸ்டெதஸ்கோப் வரவழைத்து, குச்சியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். சத்தம் இல்லை. ஸ்டோர் கீப்பர் மேஜை மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். அசையவில்லை. விழிப்பு அதிகாரி புறங்கையால் தொட்டார். சூடும் இல்லை. பொருள் தரமானது, குறை லேப்டாப்பில்தான் என்று கையெழுத்துப் போட்டு, குச்சியை உறையிலிட்டு அரக்கு வைத்து ஸ்டோர் பீரோவில் பூட்டினார்கள்.

வரைவாளர் அன்றிலிருந்து வேறு யாரையும் நம்பவில்லை. பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, திரையைப் பார்த்துக் கையாலேயே வரையத் தொடங்கினார். எல்லாத் தெருவையும் வரைய ஆயுசு போதாது. ஆகையால் பள்ளத்துத் தெருவை முதலில் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரிய குழாய், அதிலிருந்து பிரியும் கிளைகள், ஒவ்வொரு வால்வின் மூடியும் எதற்கு எதிரே என்று இழை இழையாக வரைந்தார். கோடு போடும்போது உதடு தானாக முணுமுணுத்தது. பக்கத்தில் லேப்டாப் டக் டக்கென்று துணைக்கு இருந்தது. அது கொஞ்சம் நின்றால் அவர் கையும் நிற்கும். மறுபடி தொடங்கினால் மூச்சு வரும்.

முடிக்கும் தறுவாயில் தாளின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"எதுக்கு இதைக் கையால எழுதறீங்க?" என்றார் விழிப்பு அதிகாரி.

"டிஸ்க் போயிட்டா இதாவது இருக்கட்டும்னு சார்."

"ஆக, அது போகும்னு இவ்வளவு உறுதியா இருக்கீங்க. போகவைக்கப் போறது யாரு?"

தாள் சுருட்டப்பட்டு, உறையிலிட்டு, அரக்கு வைக்கப்பட்டு, குச்சிக்குப் பக்கத்திலேயே பீரோவுக்குள் போனது. அன்றைக்கு வரைவாளர் வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டதற்கு, "நீ சொன்னது சரி. என்னையே பிடிச்சிட்டாங்க," என்றார். அவளுக்குச் சரியாகச் சொன்ன சந்தோஷம்கூட வரவில்லை.

டிஸ்க் ஒரு திங்கட்கிழமை காலையில் செத்தது. டிக் என்றது. டக் வரவில்லை. திரை கறுத்தது. வரைவாளர் பட்டனை அழுத்திப் பார்த்தார், மூடித் திறந்தார், குழந்தையை எழுப்புவது போல் முதுகில் தட்டினார். அத்தனை தெருவும் அத்தனை வால்வும் போய்விட்டன. வெயிலில் நடந்த நடையும், தோண்டிய குழியும், மகள் வளர்ந்த வருஷங்களும் அதற்குள்ளே இருந்தன. அவருக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் அழுவதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று தெரியாததால் விழுங்கிக்கொண்டார்.

நிர்வாக அதிகாரி தலையைச் சாய்த்தபடி வந்தார். நின்றார்.

"சத்தம் காணோமே?"

வரைவாளர் கறுத்த திரையைக் காட்டினார். அதிகாரி குனிந்து லேப்டாப்பில் காதை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது. குழு உடனே கூட்டப்பட்டது. ஸ்டெதஸ்கோப் வந்தது. சத்தம் இல்லை. அசைவு இல்லை. விழிப்பு அதிகாரி தொட்டுப் பார்த்தார்; ஜில்லென்று இருந்தது.

"மூணும் சரியா இருக்கு," என்றார் நிர்வாக அதிகாரி. "எஸ்.எஸ்.டி. ஆயிடுச்சு! பார்த்தீங்களா வால்வு, அநாவசியமா அவசரப்பட்டீங்க. வாரியம் நினைச்சா எதுவும் நடக்கும். கையெழுத்துப் போடுங்கய்யா, தரம் உயர்த்தியாச்சுன்னு."

"சார், அது செத்துப்போச்சு சார்!"

"புதுப்பொருள் கைக்குப் பழக நாளாகும். எங்கே, அந்தச் சத்தத்தை வாயால போட ஆரம்பிங்க."

அப்போது நிர்வாக அதிகாரியின் மேஜையில் டெலிபோன் அடித்தது. ஸ்டோர் கீப்பர் ஓடிப்போய் எடுத்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார். "சார், பள்ளத்துத் தெருவுல பெரிய குழாய் வெடிச்சிருச்சாம்! ஆஸ்பத்திரிப் பக்கம் தண்ணி ஓடுதாம். எந்த வால்வை மூடணும்னு நம்மாளுங்க கேட்கறாங்க!"

"மேப்பைப் பார்த்துச் சொல்லுங்க," என்றார் நிர்வாக அதிகாரி.

எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். அது சத்தமில்லாமல், அசையாமல், சூடில்லாமல் இருந்தது. "அந்தத் தாள் பீரோவுல இருக்கே," என்றார் ஸ்டோர் கீப்பர். "அரக்கை உடைக்கணும்னா குழு கூடணும். கூடறதுக்கு முன்னறிவிப்பு தரணும்," என்றார் விழிப்பு அதிகாரி. அதுவரை தண்ணீர் காத்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வாரியத்துக்குக் கட்டுப்பட்டது என்று நினைத்தார்களோ என்னவோ.

வரைவாளர் இடத்தை விட்டு எழுந்தார். போய் டெலிபோனைப் பிடுங்கினார். கண்ணை மூடினார். கையால் போட்ட கோடு கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

"அண்ணே, நான் வால்வு பேசறேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. எதிர்ல மூடிக் கிடக்கிற போட்டோ ஸ்டுடியோ தெரியுதா? அதுக்குப் பக்கத்துல விளக்குக் கம்பம். அதோட காலடியில தாரைக் கொத்துங்க, இரும்பு மூடி தெரியும். உள்ள இருக்கறதை வழக்கமா திருப்பற பக்கம் திருப்பாதீங்கண்ணே, தலைகீழா மாட்டின வால்வு. இடது பக்கம் திருப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் காதில் கடப்பாரைச் சத்தமும் தண்ணீரின் இரைச்சலும் கேட்டன. யாரோ ஒரு பெண் வீறிட்டது கேட்டது. வரைவாளரின் கை போர்வை முனையைப் பிடித்த மாதிரி டெலிபோனை இறுக்கியது. பிறகு இரைச்சல் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. "மூடிடுச்சு சார்! வாசப்படியோட நின்னுபோச்சு!" என்றது குரல். வரைவாளர் அப்படியே நிர்வாக அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வாயைத் திறந்தவர் விழிப்பு அதிகாரி.

"மேப் லேப்டாப்புல இல்லை. தாள் பீரோவுல இருக்கு. அப்ப இவர் எதைப் பார்த்துச் சொன்னார்?"

"ஞாபகத்துல இருந்து சார்."

"அதாவது, வாரியத்தோட மேப்பை அனுமதி இல்லாம உங்க தலையில பிரதி எடுத்து வெச்சிருக்கீங்க. தினம் சாயங்காலம் அதைக் கேட்டைத் தாண்டி வெளியே கொண்டு போயிருக்கீங்க. ராத்திரி வீட்டுல வெச்சிருந்திருக்கீங்க. வாட்ச்மேன் ஒரு நாளும் சோதிக்கலை!"

குற்றம் பெரிது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் ஸ்டோர் கீப்பருக்கு வேறு ஒரு கவலை வந்தது. மேப் இருக்கிற இடம் இந்த மனிதர்தான் என்றால், இவர் சேமிப்புச் சாதனம். சாதனம் என்றால் ஸ்டோருக்குச் சேர வேண்டும். சேர்ப்பதற்கு முன் தரம் பார்க்க வேண்டும். நியாயம்தான் என்றார் நிர்வாக அதிகாரி. தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த வரைவாளரின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார்.

உடனே கண்ணைத் திறந்தார்.

"சத்தம் வருதே!"

விழிப்பு அதிகாரி வாங்கிக் கேட்டார். "ஆமா சார். டக் டக்குன்னு அடிக்குது." புறங்கையை நெற்றியில் வைத்தார். "சூடாவும் இருக்கு."

"கையும் நடுங்குது," என்றார் ஸ்டோர் கீப்பர். "அசைவும் இருக்கு."

நிர்வாக அதிகாரி பெருமூச்சு விட்டார். "பழைய ரகம். என்னிக்கு வேணா நின்னு போகும். இதை நம்பி எப்படி மேப்பை வைக்கறது?" டிஸ்க் விஷயத்தில் வராத அவசரம் அவருக்கு இப்போது வந்தது. "எழுதுங்கய்யா. இந்த இடத்துக்குச் சத்தம் போடாத, அசையாத, சூடாகாத ஆள் ஒருத்தர் உடனடியாத் தேவை. வெளியே தேட வேண்டாம். நம்ம ஆபீஸ்லயே நிறையப் பேர் இருக்காங்க."

சாயங்காலம் வரைவாளர் வெளியே கிளம்பினார். அதற்குள் வாசலுக்குப் புது உத்தரவு போய்ச் சேர்ந்திருந்தது. வாட்ச்மேன் அவருடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார், செல்போனைக் கொடுத்தார், பிறகு சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார்.

"கேட்கச் சொல்லியிருக்காங்க சார். தலையில ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

வரைவாளர் இதுவரை அலுவலகத்தில் பொய் சொன்னதில்லை. வாட்ச்மேனின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க."

வாட்ச்மேன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "போங்க சார். உத்தரவு வந்ததிலேர்ந்து பெரியவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தர் தலையிலயும் ஒண்ணும் இல்லையாம்."

கேட்டுக்கு எதிர்ப்புறம் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் வெடித்த செய்தி கேட்டு ஓடிவந்திருந்தாள். "என்ன எழுதிக்கிட்டான் அந்தாளு?"

"என் தலையில ஒண்ணும் இல்லைன்னு."

"அதைக் கல்யாணமான வருஷமே நான் சொன்னேனே," என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் டக் டக்கென்று அடிப்பது அவருக்கே கேட்டது. எத்தனை நாளைக்கோ என்று பயமாக இருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், அப்படியே மனசுல வெச்சுக்கறியா?" என்றார். "ஆஸ்பத்திரி வாசலுக்கு முதுகைக் காட்டி நிக்கணும்."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பிக் கட்டடத்தைப் பார்த்து, பின்னால் யாரும் காது கொடுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"ம். சொல்லுங்க. முதுகைக் காட்டி நின்னுட்டேன்."

"எதிர்ல போட்டோ ஸ்டுடியோ. பக்கத்துல விளக்குக் கம்பம்."

"விளக்குக் கம்பம்," என்றாள் மனைவி.

"இடது பக்கம் திருப்பணும்," என்றாள் மகள். அவள் அப்பா ராத்திரிகளில் தூக்கத்தில் முணுமுணுப்பதை எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.